பொம்மியின் குறட்டை

இன்று கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள்.

மூன்று மாதங்களுக்கு முன்னால் எங்கள் வீட்டுப் பொம்மி தூங்கும் வீடியோ ஒன்றை இங்கே போட்டிருந்தேன். பொம்மி பக் இனம். 'ஹட்ச் நாய்' என்றால்தான் பாதிப் பேருக்குப் புரியும். சோபாவின் கைப்பிடிமேல் தாடையைத் தூக்கி வைத்துக்கொண்டு, வீடே அதிரும்படி குறட்டை விடுவாள். 'எங்கள் வீட்டு மாவு மெஷின்' என்று மேலே எழுதியிருந்தேன். நிறையப் பேர் சிரித்தீர்கள். "டீச்சர், சத்தம் பொம்மியா, சாரா?" என்று ஒருவர் கேட்க, என் வீட்டுக்காரர்கூட விழுந்து விழுந்து சிரித்தார்.

அந்தச் சிரிப்புகளுக்கு நடுவே ஒரே ஒரு பின்னூட்டம் மட்டும் வேறு மாதிரி இருந்தது. எழுதியவர் என்னிடம் பத்தாம் வகுப்பில் வரலாறு படித்த மாணவர். இப்போது கால்நடை மருத்துவர். "டீச்சர், தப்பா நினைக்காதீங்க. இது எனக்குச் சிரிக்கிற சத்தமாத் தெரியல. சாப்பிட்டதைக் கக்குறாளா? நாலு எட்டு நடந்தா உட்கார்ந்துடுறாளா? முடிஞ்சா நாளைக்கே கொண்டு வாங்க."

உண்மையைச் சொன்னால் எனக்குக் கோபம்தான் வந்தது. நாலு வருஷமாக வளர்க்கிறோம். மகன் பெங்களூருவில் வாங்கி வளர்த்தான். அடுக்குமாடி வீடு மாறியபோது திருச்சிக்கு எங்களிடம் வந்து சேர்ந்தாள். ராத்திரி அந்தக் குறட்டை கேட்டால்தான் எனக்கே தூக்கம் வரும். ஆனாலும் அவர் கேட்ட இரண்டு கேள்விக்கும் பதில் 'ஆமாம்' என்பதால், மறுநாள் காலை ஆட்டோ பிடித்தோம்.

அவர் முதலில் பொம்மியைத் தொடவே இல்லை. கொஞ்ச நேரம் சும்மா நின்று கேட்டார். பிறகு ஸ்டெதாஸ்கோப்பை நெஞ்சில் வைக்காமல் தொண்டையில் வைத்துக் கேட்டார். வராந்தாவில் மூன்று நிமிடம் ஓட்டமும் நடையுமாகக் கூட்டிப் போய்விட்டு, திரும்பவும் தொண்டையில் வைத்தார். அந்த மூன்று நிமிடத்துக்குள் பொம்மியின் நாக்கு நிறம் மாறியதை நானே பார்த்தேன்.

"டீச்சர், ஒரு பெரிய தலையணையைச் சின்ன உறைக்குள்ள திணிச்சா எப்படி இருக்கும்? அதுதான் இவ மூஞ்சி" என்றார். முகத்து எலும்பு குட்டையாகிவிட்டது. அதற்குள் இருக்க வேண்டிய சதை குட்டையாகவில்லை. நாக்கு முழு நாய்க்கு உரிய நாக்கு. வாயின் கூரையில் பின்பக்கம் தொங்கும் மென்மையான அண்ணம், இருக்கிற இடத்துக்கு மேல் நீண்டு குரல்வளை வாசலில் விழுகிறது. ஒவ்வொரு மூச்சிலும் அது படபடவென்று அடிப்பதைத்தான் குறட்டை என்று கேட்டு ரசித்துக்கொண்டிருந்தோம். மூக்குத்துளை இரண்டும் கீறல் போல ஒடுங்கியிருந்தன. அடைத்த குழாயில் காற்றை இழுத்து இழுத்து, குரல்வளையின் ஓரத்தில் உள்ள சின்னப் பைகள் வெளியே பிதுங்கி வழியை இன்னும் அடைக்கும். அதையும் கவனிக்காமல் விட்டால் குரல்வளைக் குருத்தெலும்பே தளர்ந்து உள்ளே மடிந்துவிடும்.

"சோபா கைப்பிடியில தாடையை வைக்கிறாளே, அது சொகுசு இல்ல டீச்சர். கழுத்தை நீட்டி வச்சாத்தான் மூச்சு உள்ள போகும்."

அந்தக் கோலத்தில் நாங்கள் எடுத்த புகைப்படங்கள் என் போனில் நூற்றுக்கும் மேல் இருக்கின்றன. 'மகாராணி' என்று ஒரு தனி ஆல்பம்.

கிளம்பும்போது அவர் சிரித்துக்கொண்டே, "நீங்கதானே எங்களுக்கு ஆதாரத்தைப் பாருன்னு சொல்லிக் கொடுத்தீங்க. பழைய ஓவியத்துல பக் எப்படி இருக்குன்னு வீட்டுக்குப் போய்ப் பாருங்க" என்றார். முப்பத்திரண்டு வருஷம் வீட்டுப்பாடம் கொடுத்தவளுக்கு ஒரு வீட்டுப்பாடம். அதன் விடைத்தாள்தான் இந்தப் பதிவு.

பக் சீனத்து நாய். அரண்மனைகளிலும் பெரிய மனிதர் வீடுகளிலும் குட்டை முகம் கொண்ட சின்ன நாய்களை மடியில் வைத்து வளர்ப்பது அங்கே மிகப் பழைய வழக்கம். அங்கிருந்து 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பிய வணிகக் கப்பல்களில் ஏறி மேற்கே போனது. ஐரோப்பாவில் அதற்கு முதல் பெரிய வீடு ஹாலந்து. டச்சு அரச குடும்பமான ஆரஞ்சு வம்சத்தின் செல்ல நாய் என்று பெயர் எடுத்தது. இதற்கு ஒரு கதை சொல்வார்கள். 1572-இல் ஸ்பானியப் படை இரவோடு இரவாகக் கூடாரத்தைச் சூழ்ந்தபோது, இளவரசர் வில்லியமை அவருடைய நாய் குரைத்தும் பிராண்டியும் எழுப்பிக் காப்பாற்றியதாம். டெல்ஃப்ட் நகரில் உள்ள அவர் கல்லறையில் காலடியில் ஒரு நாய்ச் சிற்பம் இருக்கிறது. அந்த நாய் பக் என்பது பின்னால் வந்தவர்கள் சேர்த்துக்கொண்டது என்றே எனக்குத் தோன்றுகிறது. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியே 1602-இல்தானே தொடங்கியது? அதற்கு முன் சீனத்துச் சரக்கு போர்த்துகீசியர் கையில் இருந்தது. சரி, ஒரு நாயை உயர்த்திப் பேச ஒரு நல்ல கதை வேண்டுமே, இருந்துவிட்டுப் போகட்டும். அதே வம்சத்து மூன்றாம் வில்லியம் 1689-இல் இங்கிலாந்து அரசராக முடிசூடியபோது, கூடவே பக்கும் கடல் தாண்டி வந்தது என்பது அங்கே வழங்கும் வழக்கு.

இனி ஓவியங்களுக்கு வருகிறேன்.

வில்லியம் ஹோகார்த் 18-ஆம் நூற்றாண்டு ஆங்கில ஓவியர். லண்டன் சமூகத்தின் அழுக்கையெல்லாம் வரிசை வரிசையாகப் படம் போட்டுக் கிழித்தவர். அவர் 1745-இல் முடித்த சுய உருவப்படம் லண்டன் டேட் கலைக்கூடத்தில் இருக்கிறது. நீள்வட்டச் சட்டத்துக்குள் ஓவியரின் முகம். அதற்கு முன்னால், சட்டத்துக்கு வெளியே, அவருடைய பக் உட்கார்ந்திருக்கிறது. அதன் பெயர் டிரம்ப். (சிரிக்காதீர்கள், பெயர் அதுதான்.) இந்தப் படத்தை நான் எத்தனையோ முறை புத்தகங்களில் பார்த்திருக்கிறேன். மனிதரைப் பார்த்தேனே தவிர நாயைப் பார்த்ததில்லை. இந்த முறை போனில் பெரிதாக்கி, பொம்மியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பார்த்தேன்.

டிரம்புக்கு மூக்கு இருக்கிறது! நம் தெரு நாய்க்கு இருப்பது போல நீளம் இல்லைதான். ஆனால் பக்கவாட்டில் பார்த்தால் முகவாய் என்று ஒன்று தனியாக முன்னால் நீள்கிறது. கால்களும் உயரம். பொம்மிக்குப் பக்கவாட்டில் நெற்றியிலிருந்து தாடை வரை ஒரே சுவர். அந்தச் சுவரில் மூக்கை ஒட்டி வைத்தது போல இருக்கும். இரண்டும் ஒரே இனம் என்று சொன்னால் என் பேத்தி நம்ப மாட்டேன் என்கிறாள்.

ஓவியர் நாய்க்குச் சலுகை காட்டி மூக்கை நீட்டி வரைந்திருப்பாரோ என்று சந்தேகம் வந்தது. ஒரே ஓர் ஆதாரத்தை வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொன்னவள் நான். ஸ்பெயினில் கோயா 1786 வாக்கில் வரைந்த பொன்தேஹோஸ் சீமாட்டியின் படம் இப்போது வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது. சீமாட்டியின் காலடியில் ஒரு பக் நிற்கிறது. அதற்கும் முகவாய் இருக்கிறது, காலும் நீளம். வேறு நாடு, வேறு கை, நாற்பது வருஷ இடைவெளி, இருந்தும் நாய் ஒரே மாதிரி. ஆக, 18-ஆம் நூற்றாண்டு முடியும்வரை ஐரோப்பாவில் பக் குட்டை முகம் கொண்ட நாயாக இருந்ததே தவிர, முகமே இல்லாத நாயாக இல்லை.

அப்படியானால் எப்போது போயிற்று அந்த மூக்கு?

இங்கே நாம் 1860-க்கு வர வேண்டும். இரண்டாம் அபினிப் போர். ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் பீகிங்கின் கோடைக்கால அரண்மனையைக் கொள்ளையடித்தார்கள். பிறகு எல்ஜின் பிரபுவின் உத்தரவில் அதைக் கொளுத்தினார்கள். இந்த எல்ஜின் வேறு யாருமில்லை, 1862-இல் நமக்கு வைஸ்ராயாக வந்து அடுத்த வருஷமே தரம்சாலாவில் இறந்தவர்தான். அந்தப் படையெடுப்பில் மதராஸ் சாப்பர்ஸ் வீரர்களும் போயிருந்தார்கள். அரண்மனையில் கிடைத்த பட்டு, பீங்கான், கடிகாரங்களோடு சில குட்டி நாய்களும் கிடைத்தன. பக் அல்ல, அதன் உறவு முறையான பீகிங்கீஸ். அவற்றில் ஒன்றை டன் என்ற கேப்டன் கொண்டுபோய் 1861-இல் விக்டோரியா மகாராணிக்குக் கொடுத்தார். அதற்கு வைத்த பெயர் 'லூட்டி'. கொள்ளை என்று பொருள்படும் 'லூட்' என்ற ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்த பெயர். அந்தச் சொல்லே இந்தியிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனது! கொள்ளையடித்ததைக் கொள்ளை என்றே பெயர் வைத்துக் கூப்பிட்டிருக்கிறார்கள். அந்த வெளிப்படைத்தன்மையை மட்டும் பாராட்ட வேண்டும். அரண்மனை ஓவியர் அதைப் படம் வரைந்திருக்கிறார். 1872 வரை உயிரோடு இருந்தது.

அந்தப் பதினைந்து இருபது வருஷங்களில் சீனத்திலிருந்து பக் நாய்களும் புதிதாக இங்கிலாந்துக்கு வந்தன. அங்கிருந்த நாய்களோடு சேர்ந்தன. மகாராணியும் பக் வளர்த்தார். மகாராணி வளர்த்தால் சீமாட்டிகள் வளர்ப்பார்கள், சீமாட்டிகள் வளர்த்தால் மற்றவர்களும் வளர்ப்பார்கள். ஆனால் புதுச் சீன ரத்தம் மட்டும் மூக்கைத் தின்றுவிடவில்லை. அதைத் தின்றது பரிசுக் கோப்பை என்றுதான் நான் சொல்வேன்.

1859-இல் நியூகாசில் நகரில் ஒரு நாய்க் கண்காட்சி நடந்தது. போட்டியாக நடத்தப்பட்டவற்றில் அதுதான் முதலாவது என்பார்கள். வந்தவை வேட்டை நாய்கள் மட்டும்தான். 1873-இல் லண்டனில் கென்னல் கிளப் தொடங்கியது. 1883-இல் பக் நாய்க்கென்றே தனிச் சங்கம் வந்தது. சங்கம் வந்தால் விதி வரும். இந்த இனம் என்றால் தலை இப்படி, வால் இப்படி, முகவாய் இப்படி என்று எழுதி வைப்பார்கள். பக்கின் முகவாய் குட்டையாகவும் மொழுக்கென்றும் சதுரமாகவும் இருக்க வேண்டும் என்பது விதி. எவ்வளவு குட்டை? அதற்கு அளவு இல்லை. அளவு இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்று ஆசிரியர்களுக்குத் தெரியும். போன வருஷம் பரிசு வாங்கியதைவிட இந்த வருஷம் இன்னும் கொஞ்சம் குட்டை. ஜெயித்த நாய்க்குத்தான் ஜோடி சேர்ப்பார்கள். அதன் குட்டிகளில் முகம் மிகக் குட்டையானதை அடுத்த போட்டிக்கு வைத்துக்கொள்வார்கள். நூறு வருஷம் இப்படியே போனால் முகம் சுவரில் போய்த்தான் நிற்கும். நடுவர்கள் நாயைக் கண்ணால் பார்த்தார்களே தவிர, அது மூச்சுவிடும் சத்தத்துக்கு மதிப்பெண் குறைத்ததாகத் தெரியவில்லை.

நியூகாசில் கண்காட்சி நடந்த அதே 1859-இல்தான் டார்வினின் உயிரினங்களின் தோற்றம் பற்றிய புத்தகமும் வெளிவந்தது. டார்வின் இளைஞராகத் தென் அமெரிக்காவில் சுற்றியபோது 'நியாடா' என்ற ஒரு மாட்டினத்தைப் பார்த்து எழுதியிருக்கிறார். மூக்கு மேல்நோக்கி வளைந்து, கீழ்த்தாடை முன்னால் துருத்தி, முகம் அமுங்கிய மாடு. புல் நன்றாக இருக்கும் வருஷத்தில் அதற்கு ஒன்றும் குறைவில்லை. பஞ்சம் வந்தால் மற்ற மாடுகள் உதட்டால் குச்சியையும் நாணலையும் பிடித்துக் கடித்துப் பிழைக்கும். நியாடாவுக்கு உதடு சேராது. ஆகவே அதுதான் முதலில் சாகும். நல்ல காலத்தில் பார்த்தால் இந்தக் குறை கண்ணுக்கே தெரியாது என்பதையும் சேர்த்து எழுதுகிறார் அவர். பொம்மிக்கு எங்கள் மார்கழி நல்ல காலம், சித்திரை பஞ்ச காலம். அதற்குப் பிறகு வருகிறேன்.

அதற்கு முன் என் தங்கை வீட்டு நாயைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவளிடம் இருப்பது பொமரேனியன், அதுவும் கைப்பைக்குள் அடங்குகிற சின்ன ரகம். (80, 90-களில் நம் ஊர்களில் வெள்ளை வெளேரென்று வீட்டுக்கு வீடு இருந்ததே, அதைப் பொமரேனியன் என்று கூப்பிட்டோமே தவிர, அதில் பெரும்பாலானவை இந்தியன் ஸ்பிட்ஸ்.) இவள் நாய்க்கு மூக்கெல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் சங்கிலியை இழுத்தாலோ, யாராவது வந்து குதித்தாலோ, வாத்து கத்துவது போல ஓர் இருமல் வரும். "தொண்டைல முள்ளு கிள்ளு சிக்கிருக்கும்க்கா" என்று வாழைப்பழம் ஊட்டிக்கொண்டிருந்தாள்.

இதற்கும் ஒரு வரலாறு உண்டு. 1767-இல் ராணி சார்லட் காலத்தில் இங்கிலாந்துக்கு வந்த பொமரேனியன்கள் நன்றாக வளர்ந்த நாய்கள். விக்டோரியா 1888-இல் இத்தாலியின் ஃபிளாரன்ஸுக்குப் போனபோது மார்கோ என்ற சின்னப் பொமரேனியனை வாங்கி வந்தார். எடை ஐந்தரைக் கிலோதான். அதன் பிறகு சின்னதுதான் நாகரிகம் என்றாயிற்று. இன்று கண்காட்சிப் பொமரேனியன் இரண்டு மூன்று கிலோ. மூச்சுக்குழாயைத் திறந்து வைத்திருப்பவை ஆங்கில 'சி' எழுத்து வடிவக் குருத்தெலும்பு வளையங்கள். இந்தக் குட்டி இனங்களில் பலவற்றுக்கு வயதாக ஆக அந்த வளையங்கள் வலுவிழந்து தட்டையாகிவிடுகின்றன. மிதித்த ஹோஸ் குழாய் மாதிரி. அந்த இடுக்கில் காற்று புகும்போது வருவதுதான் வாத்துச் சத்தம். என் மாணவர் சொல்லி, தங்கை இப்போது கழுத்துப் பட்டையைக் கழற்றிவிட்டு மார்பில் மாட்டும் வார் வாங்கியிருக்கிறாள். எடையைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள். பாதி இருமல் போய்விட்டது. வாழைப்பழமும் போய்விட்டது, அதில்தான் அந்த நாய்க்கு வருத்தம்.

எல்லாச் சத்தமும் நோய் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், நாளைக்கே யாரும் பயந்து ஓட வேண்டாம். சில நாய்கள் திடீரென்று நின்று, கழுத்தை நீட்டி, மூக்கால் காற்றை விர்விர்ரென்று உள்ளே இழுக்கும். தும்மலைத் திருப்பிப் போட்டது போல இருக்கும். பார்ப்பதற்கு உயிர் போவது போலத் தெரிந்தாலும், எப்போதாவது வந்து அரை நிமிடம் ஒரு நிமிடத்தில் நின்றுவிட்டால் பெரும்பாலும் ஒன்றுமில்லையாம். அடிக்கடி வந்தால் மட்டும் காட்ட வேண்டும். சத்தத்தை வாயால் நடித்துக் காட்டாமல், போனில் வீடியோ எடுத்துக் காட்டுவதுதான் மருத்துவருக்கு உதவி. நான் நடித்துக் காட்டினேன், அவருடைய கம்பவுண்டர் இன்னும் சிரிக்கிறார்.

பக் நம் வீடுகளுக்கு எப்படி வந்தது என்று உங்களுக்கே தெரியும். 2003-இல் ஹட்ச் செல்போன் விளம்பரம் வந்தது. ஒரு சின்னப் பையன் போகும் இடமெல்லாம் பின்னாலேயே ஒரு பக் போகும். நடித்த நாயின் பெயர் சீக்கா. பேச்சே இல்லாத விளம்பரம், பின்னணியில் ஒரு பாட்டு மட்டும். எனக்கும் பிடித்தது, பொய் சொல்ல மாட்டேன். அதற்கு முன் எங்கள் தெருவில் பக் என்ற பெயரை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அதற்குப் பிறகு அந்த மூஞ்சியைப் பார்க்காத ஊர் இல்லை. 2007-இல் கம்பெனி வோடஃபோன் ஆனது, நாய் பெயர் மாறவில்லை. அந்த விளம்பரம் முழுவதும் நாய் ஓடிக்கொண்டே இருக்கும். மூச்சிரைக்கும் சத்தம் மட்டும் நமக்குக் கேட்டதே இல்லை, பாட்டுதானே கேட்டது.

இப்போது சித்திரைக்கு வருகிறேன். நமக்கு வியர்க்கும், காற்று பட்டால் உடம்பு குளிரும். நாய்க்கு வியர்வை என்று சொல்வதற்குப் பாதத்தில் மட்டும்தான் கொஞ்சம். அது நாக்கிலும் மூக்குக்குள்ளும் உள்ள ஈரத்தின்மேல் வேகவேகமாகக் காற்றை ஓட்டித்தான் உடம்பைக் குளிர்விக்கிறது. நீண்ட மூக்கு அதற்கு ஏர்கூலர் மாதிரி. நம் ராஜபாளையத்தையும் சிப்பிப்பாறையையும் நினைத்துப் பாருங்கள், எவ்வளவு நீளமான மூக்கு! பொம்மிக்கு அந்த ஏர்கூலரைப் பிடுங்கிவிட்டு, வாசலையும் பாதி அடைத்து, 40 டிகிரி வெயில் அடிக்கும் திருச்சியில் விட்டிருக்கிறோம். மூச்சிரைத்தால் குளிர வேண்டும். இவளுக்கோ மூச்சிரைப்பதே உடற்பயிற்சி மாதிரி, அதிலேயே சூடு ஏறும். இழுக்க இழுக்கத் தொண்டைச் சதை வீங்கும், வீங்கினால் இன்னும் இழுக்க வேண்டும். போன மே மாதம் மாலை ஐந்து மணிக்கு வெளியே கூட்டிப் போனபோது வாசலில் படுத்துவிட்டாள். 'சோம்பேறி' என்று திட்டித் தூக்கி வந்தேன். அன்றைக்கு அவள் பிழைத்தது அதிர்ஷ்டம் என்று இப்போது புரிகிறது.

இங்கிலாந்தில் இது வெளிச்சத்துக்கு வந்தது 2008-இல். கண்காட்சி நாய்களின் நோய்களைப் பற்றி பிபிசியில் ஓர் ஆவணப்படம் வந்தது. அது கிளப்பிய புயலில், வருஷா வருஷம் கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியை ஒளிபரப்பி வந்த பிபிசியே அதை நிறுத்திவிட்டது. கென்னல் கிளப்பும் இனங்களின் விதிகளைத் திருத்தி எழுதியது. லண்டன் ராயல் கால்நடைக் கல்லூரி ஆய்வாளர்கள் 2012-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். இந்த மூச்சடைப்பு நோய் உள்ள நாய்களின் சொந்தக்காரர்களிடம் "உங்கள் நாய்க்கு மூச்சுத் தொல்லை உண்டா?" என்று கேட்டிருக்கிறார்கள். நூற்றுக்கு 58 பேர் 'இல்லை' என்றார்கள். அவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. அந்தச் சத்தம் எல்லாம் அந்த இனத்துக்கு இயல்பு என்று நம்பினார்கள். அந்த 58 பேரில் நானும் என் வீட்டுக்காரரும் உட்கார்ந்திருப்பதை என்னால் பார்க்க முடிகிறது. அதே கல்லூரியின் 2022 ஆய்வு, மற்ற நாய்களைவிடப் பக்கிற்கு இந்த நோய் வரும் வாய்ப்பு 54 மடங்கு அதிகம் என்று கணக்குப் போட்டது. என் மாணவர் செய்த மூன்று நிமிட நடைச் சோதனைகூட கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உருவாக்கியது. 2019 முதல் பூஜ்யத்திலிருந்து மூன்று வரை மதிப்பெண் போடுகிறார்கள். பூஜ்யம் வாங்கினால்தான் முதல் வகுப்பு. பொம்மி வாங்கியது இரண்டு.

எனக்குப் பிடித்த திருப்பம் ஹாலந்தில் நடந்தது. ஐரோப்பாவில் பக்கிற்கு முதலில் மடி கொடுத்த அதே நாடு 2019-இல் ஓர் அளவுகோலைக் கையில் எடுத்தது. முகவாயின் நீளம் மண்டையின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லாத நாயை இனப்பெருக்கத்துக்கு விடக் கூடாது. அளவே இல்லாமல் 'குட்டை' என்று எழுதி வைத்த விதிக்கு நூறு வருஷத்துக்கும் மேல் கழித்து ஓர் எண் கிடைத்தது. நம் தமிழ்நாட்டு அரசும் 2024-இல் கொண்டு வந்த நாய் வளர்ப்புக் கொள்கையில், நம் வெப்பத்துக்கு ஒவ்வாத இனங்கள் என்று ஹஸ்கி, செயின்ட் பெர்னார்டு வரிசையில் பக்கையும் சேர்த்து, இங்கே இனப்பெருக்கம் செய்யக் கூடாது என்றது. நல்லதுதான். ஆனால் 'பக் குட்டி ரெடி' என்ற செய்தி எனக்கு இன்றும் வாட்ஸ்அப்பில் வருகிறது. அதை அனுப்பியவர்களை மட்டும் திட்டிப் பயன் இல்லை. அந்தப் படத்துக்குக் கீழே இதயம் போடுகிறவர்கள் நாம்தானே. நானே போட்டிருக்கிறேன்.

அறுவை சிகிச்சை போன மாதம் நடந்தது. மூக்குத்துளையில் ஒரு சின்ன ஆப்பு வடிவில் சதையை எடுத்து அகலப்படுத்தினார்கள். அண்ணத்தில் நீண்டிருந்ததை வெட்டித் தைத்தார்கள். பிதுங்கிய பைகளை எடுத்தார்கள். இந்த இனத்துக்கு மயக்கம் கொடுப்பதைவிட மயக்கம் தெளியும் நேரம்தான் ஆபத்து என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார். தொண்டைக்குள் விட்ட குழாயை அவளாகவே வேண்டாம் என்று தள்ளும்வரை எடுக்காமல், தரையில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். வகுப்பில் ஒரு நிமிடம் சும்மா உட்காராத பையன். இது முகத்தை நீட்டிவிடாது, வெயிலில் எப்போதும் ஜாக்கிரதையாகத்தான் இருக்க வேண்டும் என்றும் சொல்லி அனுப்பினார். அதே மயக்கத்திலேயே கருத்தடையும் செய்துவிட்டோம்.

அதில்தான் ஒரு வருத்தம். பின் தெருவில் ஓர் அம்மா ஒரு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தார், "டீச்சரம்மா, பொம்மி குட்டி போட்டா எனக்கு ஒண்ணு எடுத்து வையுங்க" என்று. நானும் தலையாட்டியிருந்தேன். விஷயத்தைச் சொன்னதும் முகம் வாடிவிட்டது. "இவ்வளவு அழகான மூஞ்சி, வம்சம் இல்லாம போகுதே" என்றார். ஹோகார்த் படத்தைப் போனில் காட்டினேன். கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். "இது என்னம்மா, மூக்கு நீட்டிக்கிட்டு, நல்லாவே இல்லையே" என்றார். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. காபி கொடுத்து அனுப்பினேன்.

வீட்டுக்கு வந்த முதல் இரவு இரண்டு மணிக்கு விழித்துக்கொண்டேன். வீட்டுக்காரரும் விழித்திருந்தார். "சத்தமே இல்லையே, போய்ப் பாரு" என்றார். விளக்கைப் போடாமல் போய், வயிற்றில் கை வைத்துப் பார்த்தேன். ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. தலையை எதன்மேலும் வைக்காமல், தரையோடு தரையாகச் சுருண்டு படுத்திருந்தாள். நாலு வருஷத்தில் அவள் அப்படிப் படுத்து நான் பார்த்ததில்லை.

அந்தப் பழைய வீடியோவை எடுத்துவிட்டேன். பார்க்காதவர்கள் கேட்க வேண்டாம்.